மறுமுனையில் ஒரு கை

முதலில் போனது சத்தம். தந்திச் சேதியைத் தட்டிச் சொல்லும் சவுண்டர் கருவியின் அந்தக் 'கட்… கடக்'. இரும்பு விழும்போது ஒரு தட்டு, எழும்போது ஒரு தட்டு. நடுவில் உள்ள நேரம் சிறிதானால் புள்ளி, மூன்று மடங்கு நீண்டால் கோடு. ஒற்றைப் புள்ளி ஆங்கில 'ஈ', ஒற்றைக் கோடு 'டி'. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று புள்ளி நேரம் சும்மா இருக்க வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. மௌனத்தையும் படிக்கத் தெரிந்த காது எங்களுடையது. பழகப் பழக எண்ணுவதே மறந்து, சத்தம் சொல்லாகவே விழ, கை பாட்டுக்குப் படிவத்தில் எழுதிக்கொண்டு போகும். அந்தச் சுகம்… போயிற்று.

பிறகு வழக்கங்கள் போயின. தீபாவளி வாழ்த்துக்கு 1, கல்யாணத்துக்கு 8. எண்ணை மட்டும் அடித்தால் மறுமுனையில் முழு வாழ்த்தாக விரியும். முகூர்த்த நாட்களில் எட்டு எட்டாக அடித்து விரல் ஓய்ந்துபோகும். சொல்லுக்குக் காசு என்பதால், பெரிய துக்கத்தையும் நாலு சொல்லில் அடக்கத் தெரியாமல் கவுண்டர் முன்னால் பேனாவோடு நின்றவர்களை இன்னும் நினைக்கிறேன். வாசலில் 'தந்தி' என்ற குரல் கேட்டதும் பிரிக்கும் முன்பே அழுத வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதையோரக் கம்பத்தில் காதை வைத்து, உள்ளே ரீங்கரித்ததைச் சேதி என்று நம்பியும் இருப்பீர்கள்.

ஆறாத இழப்பு, மறுமுனையில் தட்டிய அந்தக் கைதான். ஒவ்வொரு சிக்னலருக்கும் ஒரு நடை உண்டு. திருநெல்வேலி லைனில் ராத்திரி டியூட்டி பார்த்தவர், சொல்லின் கடைசிக் கோட்டை ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பார். முகம் பார்த்ததில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தெரிந்துவிடும். அவசரம் தெரியும், அலுப்பு தெரியும். சாவுச் சேதி வந்தால் மட்டும் நிதானமாகிவிடுவார், ஓர் எழுத்தும் பிசகக் கூடாதே என்று.

எழுத்தைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டர் வந்தது. எல்லார் கையும் ஒன்றாகிவிட்டது. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே கம்பி இழுத்துத் தொடங்கிய தந்தி, 2013 ஜூலையில் நின்றபோது, ஞாபகத்துக்காவது ஒன்று கொடுப்போம் என்று ஊரெல்லாம் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு அது இரண்டாவது இழப்பு.

இப்போது கடலுக்கு அப்பாலிருந்து பேத்தி நினைத்த நேரத்தில் செய்தி அனுப்புகிறாள். சந்தோஷம்தான். ஆனால் அவள் எழுத்தும் வங்கிக்காரன் அனுப்பும் எழுத்தும் ஒரே வடிவில் வருகின்றன. எழுதும்போது அவள் விரல் தயங்கியதா? அதில் தெரியாது.

திருநெல்வேலிக்காரர் இன்று எதிரே வந்து நின்றால் எனக்கு ஆளைத் தெரியாது. மேசையில் விரலால் நாலு எழுத்து தட்டட்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன்.