ஆள் இருக்கிறார், பராமரிப்பு இருக்கிறதா?



படுக்கையில் இருப்போரை நலம் விசாரிக்கச் செல்வது நம் சமுதாயத்தில் இன்றும் உயிரோடிருக்கும் சுன்னத். கள்ளக்குறிச்சியில் எங்கள் மஹல்லாவிலும் அப்படியே. பழங்களோடு செல்வோம், ஷிஃபாவுக்காக துஆ செய்வோம், "பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறீர்களா?" என்று வீட்டாரிடம் கேட்போம். "வைத்திருக்கிறோம்" என்றதும் நமக்கு நிம்மதி. அந்த ஆள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்ற அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் குடும்பத்தாரைக் குறை கூறுவதாகிவிடுமோ என்ற தயக்கம்.

என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் காலையும் மாலையும் மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். ஆகவே வெளியூர் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணிப்பெண் ஒருவரை அமர்த்தினோம். குளிப்பாட்டியது, உணவூட்டியது, மாத்திரை கொடுத்தது, புரட்டிப் படுக்கவைத்தது என அந்நிறுவனம் தந்த நோட்டில் நாள்தோறும் எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. இரண்டாம் வாரம் ஜும்ஆ நாளன்று நானே குளிப்பாட்டுவதற்காக மாமியாரைத் திருப்பியபோது, முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. நிறுவனத்தாரிடம் கேட்டோம். "வயதானால் அப்படித்தான்" என்றார்கள். அன்றே அவர்களின் சேவையை நிறுத்திவிட்டோம்.

அதன் பின்னர் எங்களுக்குக் கைகொடுத்தது அரசின் மக்களைத் தேடி மருத்துவம். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் அது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, நோய் ஆதரவுச் சிகிச்சை ஆகியவை அதன் வழியே வீடு தேடி வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் முதலில் நோட்டைக் கேட்கவில்லை. போர்வையை விலக்கி, மாமியாரின் குதிகால், இடுப்பு, முதுகின் அடி, தோள்பட்டை என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மாறாவிட்டால் அது புண்ணின் தொடக்கம் என்றார். கருத்த மேனியில் சிவப்பு தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்கவைக்கவும், தலையை உயர்த்தியே உணவூட்டவும் எங்களுக்குப் பழக்கினார்.

அன்று முதல், நலம் விசாரிக்கச் செல்லும் வீடுகளிலும் வீட்டுப் பெண்களிடம் சிலவற்றை மென்மையாகக் கேட்கத் தொடங்கினேன். தோல் எப்படி இருக்கிறது? வலி என்று சொன்னால் எவ்வளவு நேரத்தில் கவனிக்கப்படுகிறது? குளிப்பாட்டும்போது அவ்ரத் மறைக்கப்படுகிறதா? உளூவுக்கோ தயம்முமுக்கோ உதவி கிடைக்கிறதா? படுத்தவாறே சைகையால் தொழுவதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது; ஆனால் ஆடை சுத்தமில்லை என்று எண்ணித் தொழுகையை விட்டுவிட்டு, உள்ளுக்குள் அழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணியாளர் அறையில் இல்லாத நேரத்தில் நோயாளியிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பேச இயலாதவராயின், பணியாளரின் கை படும்போது அவர் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். அடி, மிரட்டல், பட்டினி என்ற ஐயம் எழுந்தால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

இப்போது மாமியாரைப் பார்த்துக்கொள்பவர் கல்வராயன் மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண். அவருடைய தந்தையும் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் படுக்கையில் கிடக்கிறார். ஒருநாள் தலையணையைச் சரிசெய்தபடியே, "இந்த அம்மாவ நான் திருப்பிப் படுக்க வைக்கிறேன் டீச்சரம்மா. எங்கப்பாவ அங்க யாரு திருப்புவாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நம் மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களில் கல்வராயன் மலையும் ஒன்று. சமவெளியில் செவிலியர் ஒரு காலைப்பொழுதில் பல வீடுகளைப் பார்த்துவிடலாம். சிதறிக் கிடக்கும் மலைக் குக்கிராமங்களில் ஒரு வீட்டுக்கே அரைநாள் போய்விடும். எத்தனை வீடு பார்த்தார் என்ற கணக்கைக் கொண்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. மாத்திரை வீடு வந்து சேர்வது பெரிய நிஃமத்; ஆனால் புரண்டு படுக்க இயலாதவருக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டு கைகள்.

அவருக்கு மாதத்தில் நான்கு நாள்கள் சம்பளத்தோடு விடுப்பு என்று வீட்டில் முடிவு செய்தோம். அந்நாள்களில் நானும் என் நாத்தனாரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உறக்கமின்றிச் சோர்ந்த கைகளிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவே பணியாளர் உறங்குகிறாரா, வேளைக்கு உண்கிறாரா என்பதையும் பராமரிப்பின் தரத்தில் சேர்த்தே நான் பார்க்கிறேன்.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவுப் பணி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் பணியாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தம் பகுதி நோயாளிகளைத் தாமே கவனிக்கிறார்கள். எளிய மக்கள் தரும் சிறுதொகைகளே அதற்குப் பெரும் பலம். நம் ஜமாஅத்துகளாலும் இது இயலும். மஹல்லாவில் படுக்கையில் இருப்போரின் பட்டியல், மாதம் ஒருமுறை சென்று பார்க்க ஆண்களுக்கு இரு ஆண்கள், பெண்களுக்கு இரு பெண்கள், பைத்துல்மாலிலிருந்து ஓர் ஏர்பெட். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். சமயம் பாராமல் மலையடிவாரம் வரை அது நீளுமானால் இன்னும் சிறப்பு.

எங்கள் பராமரிப்பில் இருக்கும் பலவீனர்களின் உடலையும் கண்ணியத்தையும் அமானத்தாகப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.