அப்பாவின் இடது தோள்

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் தேர்ப்பவனிக்கு முன்னால் பாண்டு வாத்தியம் போகும். அதில் எல்லாவற்றிலும் பெரிய குழலைச் சுமப்பவர் என் அப்பா. ஊரில் அதை 'பேஸ்' என்பார்கள். டியூபா என்பதே அதன் பெயர். வாரை இடது தோளில் மாட்டி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். சென்ற ஆண்டு பவனி முடிந்து வந்தவரால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. தோள் வீங்கியிருந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்தார்.

நடப்பவர்களுக்கென்று ஒரு டியூபா கிடையாதா என்று இசை சொல்லித்தரும் சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

டியூபாவுக்கு 1835-இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் காப்புரிமை பெற்றனர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுழலும் வால்வே பெரிதும் பழக்கம். சூசாஃபோனிலோ, அப்பாவுடையதைப் போல, மேலும் கீழும் இறங்கும் பிஸ்டன் வால்வு. ஜெர்மன் ஆர்கெஸ்ட்ராக்களில் 12 அடிக் குழல் கொண்ட டியூபாவும் உண்டு. அமெரிக்கர் பெரும்பாலும் 16 அடிக் குழலை எடுப்பர்.

நடந்து வாசிக்க ஐரோப்பியர் ஹெலிகானைச் செய்தனர். அது உடலைச் சுற்றி வளைந்து தோளில் அமரும். அமெரிக்க பாண்டு தலைவர் சூசாவுக்கு அதன் ஒலி ஒரே பக்கமாகப் பாய்வது பிடிக்கவில்லை. அவருக்காகப் பெப்பர் நிறுவனம் 1893-இல் சூசாஃபோனைச் செய்தது. அதன் அகன்ற வாய் வானத்தைப் பார்த்தது. 'மழை பிடிப்பான்' என்று கேலி செய்தார்களாம்! வாயை முன்பக்கம் திருப்பியது பிறகுதான். வேடிக்கை என்னவென்றால், சூசாவின் குழு பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்தே வாசித்தது. இன்று அமெரிக்காவில் அணிவகுத்து நடப்பவர்களின் வாத்தியம் அதுதான்.

ஓடோடி வந்து, பழைய சைக்கிள் டியூபை அப்பாவின் மேல் மாட்டிக் காட்டினேன்.

"நம்முடையதைவிடக் கனம் குறைவா?"

"பித்தளையில் செய்தால் கூடத்தான், அப்பா. ஆனால் கையில் தூக்க வேண்டாம், தோள் தாங்கிக்கொள்ளும். 1960-களில் ஃபைபர் கிளாஸிலும் செய்தார்களாம்."

"எந்தத் தோள்?"

அப்போதுதான் படத்தை மறுபடி பார்த்தேன். "இடது தோள்" என்றேன் மெதுவாக.

"நல்ல ஆளைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள், போ!" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஆண்டு திருப்பலியில் அப்பா ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்காரர்களைப் போல நாற்காலியில் அமர்ந்து, மடியில் வைத்து வாசித்தார். பவனி புறப்பட்டதும் வாரைக் கழற்றிச் சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டார். வலது தோளில்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு