லைப்ரரி இருக்கு, ஆனா இல்லை

ஆரியசாலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து வீட்டில் லினக்ஸ்தான். 2001-ல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கின ஊராச்சே!

நேத்து ராத்திரி மகள் அழாத குறை. காலையில் ப்ராஜெக்ட் காட்டணும். ஒரு லைப்ரரியை 'மேக் இன்ஸ்டால்' வரைக்கும் ஒழுங்கா போட்டிருக்கா. புரோகிராமும் கம்பைல் ஆயிடுச்சு. ஓட்டினா மட்டும் ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியலைங்குது. மூணு தடவை திரும்பக் கம்பைல் பண்ணினாளாம்.

நான் வெறும் பி.காம். 'எல்டிடி' அடிச்சுப் பார்த்தேன். ஒரு வரியில் 'நாட் ஃபவுண்ட்'. ஃபைலோ யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப்பில் சமர்த்தா உட்கார்ந்திருக்கு! லோடர் எல்லா அடைவையும் துழாவாது. கேச்தான் அதுக்கு லெட்ஜர். புதுசா வந்தவரை அதில் யாரும் பதியலை. (என் இன்சூரன்ஸ் நோட்டீஸ் இன்னும் திருநெல்வேலிக்குத்தான் போகுது.) ரூட்டாகி 'எல்டிகான்ஃபிக்' ஒரு தடவை அடிச்சேன். ஓடிடுச்சு. அந்த அடைவே பட்டியலில் இல்லைன்னா முதல்ல 'எல்டி.எஸ்ஓ.கான்ஃப்'பில் எழுதணும்.

"இவ்வளவுதானாப்பா?"ன்னா. மணி ஒன்றரை.