இழுக்காத டீசல் வண்டி

கடலூர்ல செகண்ட்ஹேண்டா வாங்கின பழைய டீசல் கார். அம்மாவோட சிதம்பரம் போறப்ப, ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பஸ்ஸை ஓவர்டேக் பண்ணேன். பாதியில வண்டி இழுக்கவே இல்லை. எதிரே லாரி! பிரேக் அடிச்சுப் பின்வாங்கினதுல தப்பிச்சோம்.

சிதம்பரத்தில் முதல் மெக்கானிக், "பம்பைக் கழட்டணும் சார்" என்றார். அடுத்த பட்டறைப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "கரும்புகை தள்ளுதா தம்பி?"

இல்லை.

"தள்ளினா காத்து பத்தலை. புகையில்லாம இழுக்கலைன்னா மொதல்ல டீசல் ஒழுங்கா வருதான்னு பாக்கணும்."

டீசல் ஃபில்டரைக் கழட்டினா, உள்ளே தண்ணியும் கசடும். புதுசு மாட்டி, ஏர் எடுத்ததும் சரியாப் போச்சு.

மக்களே, பழைய வண்டி வாங்கினா முதல்ல ஃபில்டர்களை மாத்திடுங்க. பம்பெல்லாம் அப்புறம்.

திரும்பி வரும்போது அம்மா கண்ணைத் திறந்துகிட்டே வந்தாங்க :)