பனியிரவில் ஒரு திருப்பலி

கனடா நாட்டு மொன்றியல் நகரில் பணிபுரியும் எங்கள் மகனோடு ஒரு கிறிஸ்மஸ் பெருவிழாவைக் கழிக்கும் வாய்ப்பு எங்கள் இருவருக்கும் கிட்டியது. அங்கே டிசம்பரில் மாலை நான்கரைக்கே இருள் சூழ்ந்துவிடுகிறது. வீதியெங்கும் பனி, வீடுதோறும் வண்ண விளக்குகள். எங்கள் பேத்தி கிறிஸ்மஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதித் தபால்தலை ஒட்டாமலே பெட்டியில் போட்டாள். 'ஹோ ஹோ ஹோ' என ஒலிக்கும் அஞ்சல் குறியீடே தாத்தாவுக்கு உண்டு. தொண்டர்கள் மறுமொழி எழுதுகிறார்கள். அவளுக்கும் பதில் வந்தது!

எங்களுக்கு ஒரு குறைதான். விருந்துக்கு யாவும் ஆயத்தமாயிருக்க, திருப்பலியைப் பற்றி மகன் வாய் திறக்கவில்லை. "பனி கொட்டுகிறதே அப்பா, பார்ப்போம்" என்றான். விருந்தாளிகளாய்ப் போன இடத்தில் எதைச் சொல்வது?

இருபத்து நான்காம் தேதி மாலை அடுத்த வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டி வந்தார். வயது எண்பதைக் கடந்தவர். அவர் சொல்லச் சொல்ல மகன் எங்களுக்குத் தமிழில் கூறினான். அவருடைய சிறுவயதில் கியூபெக் மாநிலக் குடும்பங்கள் நள்ளிரவுத் திருப்பலி கண்டு திரும்பிய பின்னரே உண்ண அமருமாம். அவ்விருந்துக்கு 'ரெவெயோன்' என்று பெயர். விழித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கொத்திய பன்றியிறைச்சியில் கிராம்பும் பட்டையும் சேர்த்து, மாவுக்குள் பொதிந்து சுடும் 'தூர்த்தியேர்' அதில் கட்டாயம் இருக்கும். விறகுக்கட்டை வடிவில் கேக்கும் உண்டு. 1960க்குப் பின் கோயிலுக்குச் செல்வோர் குறைந்தனர். மூடப்பட்ட கோயில்களுள் சில நூலகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. விருந்து மட்டும் நிலைத்துவிட்டது.

"பிள்ளைகள் சாப்பிட வருவார்கள். என்னோடு கோயிலுக்கு வரத்தான் யாருமில்லை."

இதைத் தமிழில் சொல்லும்போது மகனின் குரல் தாழ்ந்தது. கார்ச் சாவியை எடுத்தான்.

நள்ளிரவுத் திருப்பலி என்பது பெயரளவில்தான். பத்து மணிக்கே தொடங்கினார்கள். குருக்கள் பற்றாக்குறையாம். இருக்கைகள் பாதி காலி. 1847இல் அதோல்ஃப் ஆதாம் இசையமைத்த 'மினுயி கிரெத்தியேன்' என்னும் பாடலை ஒருவர் தனித்துப் பாடினார். அங்கே அப்படிப் பாடக் கிடைப்பது பெரும் பேறு. மூதாட்டியின் காலஞ்சென்ற கணவர் அக்கோயிலில் பல ஆண்டுகள் அதைப் பாடியவராம். அவர் எங்கள் கையை இறுகப் பற்றிக்கொண்டார். மகனோ பேத்தியைத் தோளில் சாய்த்தபடி, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான்.

திரும்பியபோது மூதாட்டியின் வாசலில் கார்கள் வரிசையாய் நின்றன. உள்ளே போகுமுன் மகனிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டோம்.

"அடுத்த வருஷமும் கூட்டிப் போகச் சொல்கிறார், அப்பா."