தலைமுடியும் தன்மானமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசுக்கு முடியே பிரதானம் என்று எண்ணுகிற ஊரில் பிறந்தவள் நான். போதாக்குறைக்கு, முடி திருத்துபவரின் மகள்!

என் தாத்தா அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று சவரம் செய்தவர்; அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெற்றவர். அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு சுழல் நாற்காலிகளோடு சலூன் வைத்தார். அந்த நாற்காலிகள் சம்பாதித்த பணத்தில்தான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் கல்லூரிப் படியேறினேன்.

என் கிராப்புத் தலையை இக்கல்லூரியில் பார்க்காதவர் இருக்க முடியாது. "வேண்டுதலா?" என்று சிலர் கேட்டனர். "பேனா?" என்று சிலர் சிரித்தனர். "ஆணாக ஆசையா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். அத்தனை பேருக்கும் தனித்தனியே பதில் சொல்ல நேரமில்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட நாட்களில் எனக்கும் இரட்டைச் சடைதான். அம்மா விடியற்காலையில் எண்ணெய் தடவி, இழுத்துப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டுவார். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தியின் தலையை இரவல் வாங்கி என் கழுத்தில் வைத்தது போலிருக்கும். பூ வைத்தால் கனக்கும். பூவின் மீது எனக்குக் கோபமில்லை. அது என் பூவாக இல்லை, அவ்வளவுதான். தோழிகள் நடிகர்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போதும் இப்படித்தான், அந்தச் சிரிப்பு என் சிரிப்பாக இல்லை. என் மனம் பெண்களிடம்தான் சென்றது. இவை இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று புரியச் சில ஆண்டுகள் ஆயின.

2018-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். நான்கு பேர் ஒரு பையனைப் பிடித்துக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பதினேழு வயதிருக்கும். தோளைத் தொடும் முடி. அண்ணன் போலிருந்தவர், "மொட்டை அடிங்க. பொட்டச்சி மாதிரி வளர்த்துக்கிட்டுத் திரியுறான்" என்றார். இருவர் கைகளைப் பிடித்துக்கொண்டனர். அப்பா தயங்கினார். பிறகு தலையை நனைத்துக் கத்தியை எடுத்தார். அந்தப் பிள்ளை கத்தவில்லை. கண்ணாடியைப் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. தரையில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளியவள் நான்.

தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கவும், அதை உடையாலும் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்தவும் திருநங்கையருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே தீர்ப்பளித்திருந்தது. டெல்லியில் பிறந்த அந்தத் தீர்ப்பு நான்கு ஆண்டுகளாகியும் எங்கள் கடைப் படியேறவில்லை!

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. "தலையைக் குனிஞ்சு கொடுத்தாத்தான் தாயி நாங்க வெட்டணும். பிடிச்சு வச்சு வெட்டுறது தொழில் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளை சேலை கட்டி, தோளுக்குக் கீழே முடி வளர்த்து, எங்கள் கடை வாசல் வழியே நடந்து போனதை அப்பா பார்த்திருக்கிறார். பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். "அந்தப் பொண்ணு என்னையப் பார்க்கல" என்றார். அவர் வாயில் "பொண்ணு" என்ற சொல் வந்ததை நான் கவனித்தேன்.

இந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் துணிந்து கேட்டேன்: "அப்பா, எனக்குக் கிராப்பு வெட்டி விடுங்க." அவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "செவ்வாய்க்கிழமை வா" என்றார். செவ்வாய் கடைக்கு விடுமுறை. கதவைப் பாதி இறக்கிவிட்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார். "கண்ணைத் திறந்து வச்சுக்க தாயி. வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லு, நிறுத்திர்றேன்." அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரியும். முதல் சடை விழுந்தது. கண்ணாடியில் முதல் முறையாக எனக்குத் தெரிந்த முகம் ஒன்று தோன்றியது.

அம்மா அழுதார். "எவன் கட்டுவான்?" என்றார். எவனும் கட்ட வேண்டாம் என்பதையும், அதற்கான காரணத்தையும் அன்றே சொல்லிவிட்டேன். இன்னும் அம்மா என்னோடு முழுதாகப் பேசுவதில்லை. ஆனால் வாரந்தோறும் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறார். இப்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெயே போதும்.

இதில் அதிசயம் என்ன இருக்கிறது? குடுமியை எடுத்துவிட்டு ஆண்கள் கிராப்பு வைக்கத் தொடங்கிய காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் அதையும் கேடு என்றுதான் ஏசினார்கள். இன்று குடுமி வைத்தவரைத்தான் திரும்பிப் பார்க்கிறோம். பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று தந்தை பெரியார் எழுதியும் பேசியும் வந்தார். ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று முடியில் எழுதியிருக்கவில்லை, எழுதியவர்கள் நாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிராப்பு வைத்த பெண்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள் அல்லர். என்னைப் போன்றவர்களில் முழங்கால் வரை சடை தொங்கவிடுபவர்களும் உண்டு. திருநம்பி ஒருவருக்குக் கிராப்பு என்பது தாம் ஆண் என்பதன் அடையாளம். எனக்கு அப்படியல்ல. நான் பெண்தான், என் விருப்பத்தை மறைக்காத பெண். எங்களையெல்லாம் சேர்த்துக் குறிக்கப் பால்புதுமையினர் என்ற அழகான தமிழ்ச் சொல் இப்போது வழங்குகிறது. ஒத்த பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டம் விலகிக்கொண்டது, ஊர்தான் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விலங்கியல் மாணவி என்ற முறையில் ஒரு செய்தி. நாம் கண்ணால் காணும் முடி உயிரற்றது. கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்களின் இழை அது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, வேரில். அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ந்துகொண்டே இருக்கிறது. பலவந்தமாக மழித்தவர்கள் எடுத்தது இறந்ததைத்தான். வேரை யாரும் தொட முடியவில்லை. தொட்டிருந்தால் அந்தப் பெண் எங்கள் கடை வாசலில் அப்படி நிமிர்ந்து நடந்திருப்பாளா?

சென்ற மாதம் முடி காதை மறைத்தது. "செவ்வாய்க்கிழமை வரட்டுமா அப்பா?" என்றேன். "ஞாயித்துக்கிழமை வா" என்றார். ஞாயிறு காலை கடை நிறையக் கூட்டம். என் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு முழுதாகத் திறந்திருந்தது. "என்னப்பா, பொம்பளைப் பிள்ளைக்கு இங்கயா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா துணியை உதறிக்கொண்டே, "எம் மக. வரிசைப்படி வந்திருக்கு" என்றார். கேட்டவர் எழுந்து போய்விட்டார். அன்று ஒரு கூலி நட்டம். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நண்பர்களே, என்னைப் போல் நீங்களும் வெட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. யார் தலையையும் பிடித்துக் குனிய வைக்காதீர்கள், அது போதும்.