ஆர்.சி.யில் இல்லாத கை

2003ல திண்டிவனம் பக்கம் எங்க காலனியில, சித்தப்பா ஒரு பழைய மகிந்திரா பிக்கப்புக்கு எஞ்சின் மாத்தினார். பியூஜோ வகை, 2112 சி.சி. டீசல். பட்டறை கிடையாது. மூணு சவுக்குக் கழியை முக்காலியாக் கட்டி, செயின் புல்லியில தூக்கினார். நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. கியர்பாக்சுக்குப் பின்னால இன்னொரு பல்சக்கரப் பெட்டி. அதுக்கு முட்டுக் கொடுத்து எஞ்சினை மட்டும் பிரிக்கணும். கிளட்ச் பிளேட்டு நூலளவு விலகினாலும் தண்டு உள்ளே நுழையாது. அந்தக் கணக்கு அவர் விரலில் இருந்தது.

வண்டிக்காரர் ஊர்த்தெரு. எஞ்சின் சத்தம் கேட்டு முகம் மலர்ந்தார்; நாங்க நீட்டிய தண்ணியை வாங்கல. சித்தப்பா தொட்ட ஸ்டியரிங் தீட்டில்லை, சொம்புதான் தீட்டு.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, எஞ்சின் மாறினால் ஆர்.சி.யில் பதியணும். எஞ்சின் நம்பருக்குக் கட்டமுண்டு, உடையவர் பேருக்கும் உண்டு. பூட்டிய கைக்கு இல்லை. அதை நாமதான் எழுதணும்.